தந்தை வழியும் தமையன் வழியும்

முன்னாள் வட ஆர்க்காடு மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பரந்து கிடப்பது ஜவ்வாது மலை. மலையில் வாழ்வதனால் மலையாளிகள் என்று வழங்கப்பெறும் பழங்குடி மக்கள் அங்கே வாழ்கின்றனர். ஊர்க்கவுண்டர், நாட்டார் போன்ற தலைமைப் பொறுப்புகள் அவர்களிடையே தந்தைக்குப் பின் மகன் என்று வழிவழியாக வந்தவை. அடுத்து யார் என்னும் ஐயத்திற்கே அம்முறையில் இடமில்லை. அது அதன் நன்மை. தகுதியுடைய வேறொருவர் முன்வர வழியில்லை என்பது அதன் குறை.

மலையினின்று இறங்கிச் சமவெளிக்கு வந்தால், அங்கே மக்களாட்சி நடக்கிறது. அரசியல் கட்சிகள் இருக்கின்றன. அவற்றுள் தலைமை எவ்வாறு கைமாறுகிறது? ஆளுங்கட்சிக்கு இது ஓரளவு எளிது. பதவிகள் பல அதன் கையில் உள. ஒன்று கிடைக்காதவரை மற்றொன்றால் அமைதிப்படுத்தலாம். எதிர்க்கட்சிக்கோ கொடுப்பதற்குப் பதவி இல்லை. தொண்டரின் நம்பிக்கை ஒன்றே அதன் முதல். தேர்தல் நெருங்கும் வேளையில் தலைமையை மாற்றினால் அம்முதலும் கரையலாம். ஆயினும் தமிழகத்தில் ஒரு கட்சி அதனைத் துணிந்து செய்தது. அந்த வரலாற்றையே இன்று காண்போம்.

திராவிட முன்னேற்றக் கழகத்தின் பிறப்பிலேயே தலைமை மரபு பற்றிய கேள்வி அடங்கியிருந்தது. 1949 ஜூலை 9ஆம் நாள் பெரியார் ஈ. வெ. ராமசாமி அவர்கள் மணியம்மையாரை மணந்தார். தமக்குப் பின் இயக்கத்தையும் அதன் சொத்துகளையும் காப்பதற்கான சட்டபூர்வமான ஏற்பாடு இது என்று அவர் விளக்கினார். சி. என். அண்ணாதுரையும் அவரைச் சார்ந்தோரும் இதனை ஏற்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 17ஆம் நாள் புதிய கழகம் தோன்றியது. பெரியாரின் தமையனார் மகனாகிய ஈ. வெ. கி. சம்பத்தே புதிய கழகத்தின் பக்கம் நின்றார் என்பது கருதத்தக்கது. புதிய கழகத்தில் தலைவர் நாற்காலி பெரியாருக்கென்று வெறுமையாகவே விடப்பட்டது. அண்ணாதுரை பொதுச்செயலாளராகப் பணியாற்றினார்.

தொண்டர்கள் அவரை ‘அண்ணா’ என்றனர். அவரோ ‘திராவிட நாடு’ இதழில் ‘தம்பி’ என்று விளித்து மடல்கள் எழுதினார். இந்த உறவுமுறைச் சொற்களில் ஓர் அரசியல் அமைப்பே ஒளிந்திருக்கிறது. தந்தை தலைவரானால் வாரிசு ஒருவரே என்று எண்ணத் தோன்றும். தமையன் தலைவரானாலோ தம்பியர் பலர். அவர்களுள் எவரும் தலைமைக்கு வரலாம்; ஆதலின் எவரும் பிணங்கலாம்.

1952 பொதுத்தேர்தலில் கழகம் போட்டியிடவில்லை. 1956 மே மாதம் திருச்சியில் கூடிய மாநில மாநாட்டில், தேர்தலில் நிற்பதா வேண்டாவா என்று தொண்டர்களிடமே வாக்குக் கேட்கப்பட்டது. 50,000க்கு மேற்பட்டோர் நிற்கலாம் என்றனர். அந்த 1956ஆம் ஆண்டிலேதான் பொதுச்செயலாளர் பொறுப்பு அண்ணாதுரையிடமிருந்து இரா. நெடுஞ்செழியனிடம் சென்றது. அண்ணாதுரைக்கு அப்போது வயது 46. நெடுஞ்செழியனுக்கு 36ஐ எட்டும் பருவம். முன்னவர் நோயுற்றிருக்கவில்லை, எவராலும் தோற்கடிக்கப்படவுமில்லை. முதல் தேர்தல் களம் கண்ணெதிரே நிற்க, செல்வாக்கின் உச்சியிலிருந்த ஒருவர் தம் பொறுப்பைத் தம்மினும் இளைய ஒருவரிடம் ஒப்படைத்தார்.

விளைவு என்ன? 1957 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 205 இடங்களுள் காங்கிரஸ் 151 இடங்களை வென்றது. கழகத்தார் 15 இடங்களைப் பெற்றனர். மக்களவைக்குச் சென்றோர் இருவர். ஒருவர் நாமக்கல்லில் வென்ற சம்பத். மற்றவர் ஜவ்வாது மலைக்கு அணித்தாயுள்ள திருவண்ணாமலையில் வென்ற இரா. தருமலிங்கம். தலைமை மாறியதனால் கட்சி சிதையவில்லை என்பது இதனால் புலப்பட்டது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. சட்டசபையில் கழகத்தை நடத்தியவர் காஞ்சீபுரத்தில் வென்ற அண்ணாதுரையே. கூட்டங்களில் மக்கள் கேட்க விரும்பியதும் அவர் குரலையே. பதவி கைமாறியது, செல்வாக்கு கைமாறவில்லை.

1960இல் பொதுச்செயலாளர் பொறுப்பு மீண்டும் அண்ணாதுரையிடமே வந்தது. 1961இல் சம்பத் கழகத்தை விட்டு விலகித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தோற்றுவித்தார். தம்பியர் பலராயிருப்பதன் இடர்ப்பாடு அப்போது வெளிப்பட்டது. ஆயினும் 1962 தேர்தலில் கழகம் 50 இடங்களை வென்றது. காஞ்சீபுரத்தில் அண்ணாதுரை தோற்றார். தலைவரே தோற்ற பின் சட்டசபையில் கட்சியை நடத்துவோர் யார் என்று திகைக்க நேரவில்லை. ஏற்கெனவே பொறுப்பில் பழகிய நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவரானார். 1956இல் விதைத்தது 1962இல் பயன் தந்தது என்று சொல்வதில் பிழையில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் பிரிட்டனிலும் இத்தகைய சோதனை நிகழ்ந்தது. எதிர்க்கட்சியாயிருந்த தொழிற்கட்சியின் தலைவர் ஹியூ கெய்ட்ஸ்கெல் 1963 ஜனவரியில் திடீரென மறைந்தார். ஒரு மாதத்திற்குள் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்கள் வாக்களித்து, 144க்கு 103 என்ற கணக்கில் ஜார்ஜ் பிரவுனை விட்டு ஹெரால்டு வில்சனைத் தேர்ந்தனர். தோற்ற பிரவுன் கட்சியிலேயே நிலைத்தார். 1964 அக்டோபரில் கட்சி ஆட்சியைப் பிடித்தது. விதியும் வாக்கும் முன்னரே தெளிவாயிருந்தமையால் பிணக்கு பிளவாக முற்றவில்லை.

1967இல் கழகம் ஆட்சிக்கு வந்தது, அண்ணாதுரை முதலமைச்சரானார். 1969 பிப்ரவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார். நெடுஞ்செழியன் இடைக்கால முதலமைச்சரானார். ஆனால் ஒரு வாரத்தில், பிப்ரவரி 10ஆம் நாள், மு. கருணாநிதி முதலமைச்சரானார். அவ்வாண்டிலேயே கட்சித் தலைவர் என்னும் பதவி ஏற்படுத்தப்பட்டு, 20 ஆண்டுகளாக வெறுமையாயிருந்த இடத்தில் அவர் அமர்ந்தார். நெடுஞ்செழியன் மீண்டும் பொதுச்செயலாளரானார். 1956இல் மூத்தவர் அளித்த முதன்மை, 1969இல் அவருக்கு உரிமைச் சீட்டாக அமையவில்லை. இது நெடுஞ்செழியனுக்கு இழைத்த அநீதி என்பாரும் உண்டு. மக்களாட்சியின் இயல்பே இது என்பாரும் உண்டு. ஒன்று மட்டும் உறுதி: தலைமையில் அமர வாய்ப்பளிப்பது முன்னோர் செயல், அதனை நிலைக்கச் செய்வது பின்வருவோரின் ஏற்பு.

இதனால் 1956ஆம் ஆண்டின் செயல் பயனற்றதாகி விடுமா? ஆகாது. ஒருவர் இல்லையேல் இயக்கம் இல்லை என்னும் அச்சத்தை அது தொண்டர் மனத்தினின்று அகற்றியது. தலைமை என்பது கையில் பற்றிக்கொள்ளும் உடைமையன்று, தக்க காலத்தில் பிறரைப் பழக்குதற்குரிய பொறுப்பு என்று காட்டியது.

மாணவ நண்பர்களே! உங்கள் பள்ளி மன்றங்களிலும் கல்லூரிப் பேரவைகளிலும் நீங்களும் ஒருநாள் தலைமை ஏற்பீர்கள். தந்தை வழியில் வரும் தலைமைக்குக் கேள்வியில்லை. தமையன் வழியில் வரும் தலைமைக்குக் கேள்வி உண்டு. கேள்விக்கு அஞ்சி முதல் வழியை நாடுதல் வேண்டா. கேள்வி எழும் முன்னரே விதியை வகுத்துக்கொள்ளுங்கள். வலிமையுள்ள பொழுதே இளையோரிடம் பொறுப்பைக் கொடுத்துப் பழக்குங்கள். வாக்கில் தோற்றால் உடனிருந்து உழையுங்கள். ஒரு மன்றம் தன் முதல் தலைவரைக் காட்டிலும் நெடுநாள் வாழ்வதற்கு இவையே துணை.