பருவமும் முறையும்: வட அமெரிக்க இளவேனிற்காலக் கருங்கரடி வேட்டை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கருங்கரடியைத் தொலைவிலிருந்து கண்டு, பதுங்கி அணுகி வேட்டையாடும் இளவேனிற்கால வழக்கம் வட அமெரிக்காவின் சில மாநிலங்களிலும் மாகாணங்களிலும் இன்றும் சட்டத்திற்குட்பட்டு நிலவுகிறது. அவ்வேட்டைக்குத் திட்டமிடுவோர் கருதவேண்டிய காலம், இடம், முறை ஆகிய மூன்றும் கடந்த ஒரு நூற்றாண்டுக்கால விவாதங்களால் வடிவம் பெற்றவை. 'எப்பருவத்தில்', 'எம்முறையில்' என்பன இருவேறு வினாக்கள் என்பதையும், அவற்றிற்கு ஒவ்வோர் ஆட்சிப்பகுதியும் வெவ்வேறு விடை கண்டது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கருங்கரடி, வேட்டை அறம், பொதுவாக்கெடுப்பு, கொலராடோ, ஒன்ராறியோ

முன்னுரை

வட அமெரிக்கத் தொல்குடியினர் உணவுக்காகவும் கொழுப்புக்காகவும் தோலுக்காகவும் கருங்கரடியை வேட்டையாடி வந்தனர். ஐரோப்பியர் குடியேறிய பின்னர், கால்நடைக்கும் பயிருக்கும் கேடு விளைவிக்கும் விலங்காக அது கருதப்பட்டது. அதனைக் கொன்றவர்க்குப் பரிசுப்பணம் வழங்கும் முறை மேய்ன் மாநிலத்தில் 1957 வரை நீடித்தது. கேடு செய்யும் விலங்குக்குப் பருவ வரையறை தேவைப்படவில்லை. ஒழுங்குமுறைக்குட்பட்ட வேட்டை விலங்கு என்னும் சட்டத்தகுதியை அது பெற்ற பின்னரே (கலிபோர்னியாவில் 1948இல்) எப்போது, எவ்வாறு கொல்லலாம் என்னும் வினாக்கள் பொருள் பெற்றன.

இளவேனிலின் இயல்பு

கருங்கரடி குளிர்காலத்தைக் குகையிலோ மரப்பொந்திலோ உறங்கிக் கழிக்கிறது. பெண் கரடி சனவரி, பிப்ரவரி மாதங்களில் அவ்வுறைவிடத்திலேயே குட்டிகளை ஈனுகிறது. பனி உருகும் காலத்தில் பொதுவாக வளர்ந்த ஆண் கரடிகள் முதலில் வெளிவருகின்றன. புதிதாகக் குட்டி ஈன்ற தாய்க்கரடிகள் இறுதியில் வெளிவருகின்றன. பசியுடன் வரும் கரடிகள், வெயில் மிகுதியாகப் படுவதால் முதலில் பசுமை கொள்ளும் தெற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் இளம்புல்லை மேய்கின்றன.

கண்டு அணுகும் முறை இவ்வியல்பையே அடிப்படையாகக் கொண்டது. வேட்டைக்காரர் எதிர்ச்சரிவில் அமர்ந்து இருகண் தொலைநோக்கியால் நெடுநேரம் ஆராய்கிறார். கரடியின் மோப்பத்திறன் மிகக் கூரியதாகலின், காற்று கரடியின் பக்கமிருந்து தம்மை நோக்கி வீசும் வழியைத் தேர்ந்து நெருங்குகிறார். திறந்த மலைவெளி இல்லாத இடத்தில் இம்முறை அரிதாகவே பயன்தரும்.

சிக்கலின் வேரும் இவ்வியல்பிலேயே உள்ளது. இளவேனிலில் தாயை இழக்கும் அவ்வாண்டுக் குட்டி பிழைப்பது அரிது. குட்டியுடன் கூடிய தாயைக் கொல்லலாகாது என்னும் விதி வேட்டை நிகழும் இடங்களில் பரவலாக உள்ளது. எனினும், தாய்க்கரடி குட்டிகளை மரத்தின்மேல் ஏற்றிவிட்டுத் தொலைவில் தனியே மேய்வதுண்டு. ஆகவே, தனித்துக் காணப்படும் கரடி குட்டியற்றது என்று உறுதிகொள்ள இயலாது.

ரூசுவெல்ட்டும் 'நேரிய வேட்டை'யும்

1887இல் தியோடர் ரூசுவெல்ட் முதலியோர் நிறுவிய பூன் அண்ட் கிராக்கெட் கழகம், விலங்குக்குத் தப்பும் வாய்ப்பளிக்கும் 'நேரிய வேட்டை' என்னும் அறக்கோட்பாட்டைப் பரப்பியது. 1902 நவம்பரில் மிசிசிப்பியில், வழிகாட்டியான ஹோல்ட் கோலியர் பிடித்துக் கட்டிவைத்த கரடியைச் சுட ரூசுவெல்ட் மறுத்தார். கிளிஃபோர்ட் பெரிமன் வரைந்த கேலிச்சித்திரத்தால் அந்நிகழ்வு புகழ்பெற்று, 'டெடி பியர்' பொம்மையின் பெயருக்கும் காரணமாயிற்று. ஆயினும், காயமுற்றிருந்த அக்கரடியின் துன்பத்தை முடிக்குமாறு அவர் பணிக்க, அது கொல்லப்பட்டது. அவர் மறுத்தது கரடியின் சாவை அன்று. சாகும் விதத்தையே ஆகும்.

1905ஆம் ஆண்டு இளவேனிலில் அவர் கொலராடோவில் வேட்டை நாய்களின் துணையுடன் கரடி வேட்டையாடினார். அன்றைய அறக்கோட்பாட்டில் பருவமும் நாய்களும் இழுக்காகக் கருதப்படவில்லை. 87 ஆண்டுகளுக்குப் பின்னர் அதே மாநிலத்து வாக்காளர் இவ்விரண்டையும் விலக்கினர் என்பது இவ்வரலாற்றின் போக்கைத் தெளிவுறுத்துகிறது.

நான்கு தீர்ப்புகள்

கொலராடோவில் 1992இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரின் ஆதரவுடன் மூன்று தடைகள் ஒருங்கே நிறைவேறின: இளவேனில் வேட்டை, இரையிட்டு ஈர்த்தல், நாய்களால் துரத்தல். பருவமும் முறையும் அங்கு ஒரே வினாவாக முன்வைக்கப்பட்டன. இலையுதிர்கால வேட்டை தொடர்ந்தது.

ஓரிகன் மாநிலம் 1994இல் இரையிடுதலையும் நாய்களையும் மட்டும் விலக்கியது. இளவேனில் வேட்டை நீடித்தமையால், கண்டு அணுகும் முறை அங்கு முதன்மை பெற்றது.

வாசிங்டன் மாநிலத்தில் அவ்விரு முறைகளும் 1996இல் பொதுவாக்கெடுப்பால் தடைசெய்யப்பட்டன. பருவம் குறித்த வினா பின்னரே எழுந்தது. 2022 நவம்பரில் மாநில வனவிலங்கு ஆணையம் பொழுதுபோக்கிற்கான இளவேனில் வேட்டையைக் கைவிட முடிவெடுத்தது. அதாவது, முறை திருத்தப்பட்ட பின்னரும் பருவம் குறித்த ஐயம் தீரவில்லை.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் எதிர்த்திசையில் சென்றது. அனாதையாகும் குட்டிகளை முன்னிறுத்தி 1999இல் இளவேனில் வேட்டையை நீக்கிய அம்மாகாணம், மனிதர்-கரடி மோதல்களைக் காரணங்காட்டி 2014இல் எட்டு மேலாண்மைப் பகுதிகளில் சோதனை முறையில் அதனை மீட்டது, 2021இல் நிலையாக்கியது. அடர்காடு மிகுந்த அங்கு இரையிடுதல் அனுமதிக்கப்படுகிறது. இரை வைத்த இடத்தில் கரடியை அண்மையிலிருந்து நோக்கி, ஆணா பெண்ணா, குட்டி உண்டா என அறிய இயலும் என்பது அதனை ஆதரிப்போர் வாதம்.

இவ்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. நேர்மையானதாகத் தோன்றும் முறையே பிழையற்ற தேர்வுக்கும் உதவும் என்று கொள்வதற்கில்லை. கண்டு அணுகும் முறை விலங்குக்குத் தப்பும் வாய்ப்பைக் கூடுதலாக அளிக்கிறது. இரையிடும் முறை வேட்டைக்காரருக்கு அண்மையிலிருந்து கூர்ந்துநோக்கும் வாய்ப்பை அளிக்கிறது. முன்னது கரடிக்குச் செய்யும் நேர்மை பற்றியது. பின்னது குட்டிகளின் உயிர் பற்றியது.

திட்டமிடலில் பதிந்த வரலாறு

மொன்டானாவில் இளவேனில் வேட்டைக்குத் திட்டமிடுவோரை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் நடுவில் பருவம் தொடங்குகிறது. முடிவு நாள் பகுதிக்குப் பகுதி வேறுபடுகிறது. இரையிடுதல் தடைசெய்யப்பட்டுள்ளது. 1975இல் கூட்டாட்சிச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற கிரிஸ்லி கரடியும் அங்கு வாழ்வதால், உரிமம் பெறுவோர் கரடியினங்களை வேறுபடுத்தி அறியும் தேர்வில் தேற வேண்டும். கருங்கரடியிலும் பழுப்பு நிறத்தவை உள. எனவே நிறத்தை நம்பாது, தோள் திமில், முகத்தோற்றம், காது, நகம் ஆகியவற்றைக் காண வேண்டும். பருவத் தொடக்கத்தில் செல்வோர் ஆண் கரடிகளையே மிகுதியாகக் காண்பர். காலந்தாழ்த்திச் செல்வோர் தாய்க்கரடிகளைக் காணும் வாய்ப்பு மிகுகிறது. நாள் குறித்தல் என்னும் எளிய செயலே ஓர் அறத்தேர்வாகிறது.

முடிவுரை

கருங்கரடி வேட்டை விவாதத்தை வேட்டைக்காரருக்கும் விலங்கு நேயருக்கும் இடையிலான பூசலாக மட்டும் காண்பது பொருந்தாது. மேற்கண்ட நான்கு தீர்ப்புகளும் வேட்டையை முற்றாக விலக்கவில்லை. ஏற்கத்தக்க வேட்டை எது என்னும் வினாவிற்கே விடை தேடின. ரூசுவெல்ட் காலத்து அறம் வேட்டையாடப்படும் விலங்கை மட்டும் நோக்கியது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், வேட்டைக்காரரின் கண்ணில் படாத குட்டியும் அவ்வறத்தின் எல்லைக்குள் வந்தது. கண்டு அணுகும் முறை முதல் அறத்தை நிறைவு செய்கிறது. இரண்டாவதை நிறைவு செய்யப் பருவமும் பொறுமையும் துணைநிற்க வேண்டும்.