அந்த 'அவர்' யார்?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் என்ன சொல்லுது? அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாக, 'அவருடைய' தகப்பன் இங்கே பிறந்திருக்கணும். இல்லாட்டி தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்கணும்.

இந்த 'அவர்' யார்? ஆங்கில மூலத்தில் அது ஆண்பால்: 'ஹிஸ்'. ஆனா 1901ஆம் ஆண்டுப் பொருள்கோடல் கட்டளைச் சட்டப்படி, ஆண்பால் சொல்லுக்குள்ள பெண்ணும் அடக்கம். அப்போ கொழுந்து பறிக்கிற பெண்ணும் அந்த 'அவர்'தான்.

சிக்கல் அடுத்த சொல்லுல. 'தகப்பன்' என்ற சொல்லுக்குள்ள தாய் அடக்கமில்லை. ஹட்டன் பக்கத்து லயத்துல பிறந்து, அங்கேயே கூடை சுமந்த அம்மாவின் பிறப்பு, பிள்ளையின் உரிமைக்குக் கணக்கிலேயே வரல. தகப்பன் இங்கதான் பிறந்தார்னாலும் அதை நிரூபிக்கப் பிறப்புப் பதிவு வேணும். பலரிடம் அது இருக்கல.

இப்படித்தான் ஏறத்தாழ 7 லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவரானாங்க. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரிச்சது. ஒப்பந்தத்தில் நாங்க வெறும் 'அவர்கள்'.

தாய்வழியிலும் பிரசாவுரிமை கிடைக்கும்னு சட்டம் திருத்தப்பட்டது 2003இல். 'அவர்' யாருன்னு இலக்கணம் சொல்லிடும். அவருடைய அம்மாவையும் எண்ண 55 வருஷம் பிடிச்சது.