"தர மாட்டேன்" என்ற பேராசிரியர்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "டீச்சர், நான் எழுதுற புரோகிராம் வந்தா எங்க ஆபீஸ்லயே நாலு பேருக்கு வேலை போயிடும். ஆனா நான் சொன்ன வேலையைத்தானே செய்யறேன், என் மேல என்ன தப்பு?" என்று கேட்டான். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. இதே கேள்வியை எழுபது வருடங்களுக்கு முன்பே தன்னிடம் கேட்டுக்கொண்ட ஒரு கணித மேதையின் கதையை அவனுக்காக எழுதுகிறேன். நீங்களும் படியுங்கள்.

அவர் பெயர் நார்பர்ட் வீனர். 1894இல் அமெரிக்காவில் பிறந்தவர். 14 வயதில் கல்லூரிப் பட்டம், 18 வயதில் ஹார்வர்டில் டாக்டர் பட்டம். 1919 முதல் எம்.ஐ.டி.யில் கணிதம் கற்பித்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது அவருக்கு ஒரு வேலை வந்தது. பறக்கும் விமானத்தைச் சுட வேண்டுமானால், அது இப்போது இருக்கும் இடத்தைக் குறிவைத்துப் பயனில்லை. குண்டு போய்ச் சேரும் நேரத்தில் விமானம் எங்கே இருக்கும் என்று கணிக்க வேண்டும். ஜூலியன் பிகிலோ என்ற பொறியாளருடன் சேர்ந்து இதற்கான கணிதத்தை உருவாக்கினார்.

அந்த வேலையில் அவர் பிடித்துக்கொண்ட கருத்துதான் பின்னூட்டம். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் ஏற ஏறப் பந்தும் ஏறிக் குழாயை அடைக்கிறது; நீர் இறங்கினால் திறந்துவிடுகிறது. விளைவைப் பார்த்துச் செயலைத் திருத்திக்கொள்வதுதான் பின்னூட்டம். திருத்தம் மிகையானால் இயந்திரம் இப்படியும் அப்படியும் ஆடும். மனிதருக்கும் இப்படி நேருமா என்று ஆர்ட்டுரோ ரோசன்புளூத் என்ற மருத்துவ விஞ்ஞானியிடம் கேட்டார்கள். நேரும், சிறுமூளை பாதிக்கப்பட்டவர் ஒரு பொருளை எடுக்கப் போனால் கை இலக்கைத் தாண்டி ஆடும் என்றார் அவர். உடலுக்கும் இயந்திரத்துக்கும் ஒரே விதி!

1948இல் இதை நூலாக எழுதி "சைபர்நெட்டிக்ஸ்" என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. நம் பழந்தமிழில் மீகாமன் என்போமே, அவர்தான். இன்று நாம் சொல்லும் சைபர் கிரைமில் உள்ள "சைபர்" அங்கிருந்து வந்ததுதான்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது. 1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்தது. அடுத்த வருடம் ஒரு விமான நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர், ஏவுகணை வேலைக்காக வீனர் போர்க்காலத்தில் எழுதிய கட்டுரையின் பிரதியைக் கேட்டார். வீனர் மறுத்துவிட்டார். அறிவைக் கொடுத்துவிட்டு, அது எங்கே போய் முடிகிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது என்பது அவர் நிலை. அந்த மறுப்புக் கடிதம் 1947 ஜனவரியில் அட்லாண்டிக் இதழில் வெளியானது.

1949இல் இன்னொரு கடிதம். கார் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்த்தருக்குத் தானே முன்வந்து எழுதினார். ஆள் இல்லாமல் தானாக ஓடும் தொழிற்சாலை வரப்போகிறது, பெரிய வேலையிழப்பு வரும், இப்போதே தயாராகுங்கள் என்று எச்சரித்தார். அடுத்த வருடமே பொதுமக்களுக்காக "மனிதர்களை மனிதர்களாகப் பயன்படுத்துதல்" என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு நூலும் எழுதினார். 1955-56இல் கல்கத்தாவில் மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும் சில மாதங்கள் இருந்தார். 1964இல் காலமானார்.

அவர் மறுத்ததால் ஏவுகணைகள் நின்றுவிடவில்லை. தானியங்கி இயந்திரங்களும் வந்தே தீர்ந்தன. அப்படியென்றால் பயன் என்ன என்று கேட்பீர்கள். அவர் கணிதத்தை விட்டுவிட்டு ஓடவில்லை. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று தானே முடிவு செய்தார். பாதிக்கப்படப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே தகவல் சொன்னார்.

தம்பி, உன்னை வேலையை விடச் சொல்லவில்லை. வீட்டுக் கடன் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாலு பேரும் கடைசி நாளில் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதே. அவர்கள் வேறு வேலை கற்றுக்கொள்ள அவகாசம் கொடுங்கள் என்று உன் மேலாளரிடம் ஒரு முறையாவது கேட்டுப் பார். என்ன சொன்னார் என்று எனக்குப் போன் செய்.

மற்றவர்களும் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் நிதானமாகப் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்