ஏணி இல்லாத லீக்

ஏற்காட்டில் கால்பந்து ஆடுவதில் ஒரு சிக்கல் உண்டு. கோலுக்கு வெளியே அடித்தால் பந்து காபித் தோட்டச் சரிவில் உருண்டுவிடும். போன டிசம்பரில் அப்படி ஓடிய பந்தை எடுக்க இறங்கிய பையன் போட்டிருந்தது பார்சிலோனா ஜெர்சி. எனக்கோ அதே சிவப்பு, நீல நிறங்கள் கொண்ட எஃப்சி பாசெல் ஞாபகம் வந்தது.

2010 முதல் 2017 வரை தொடர்ந்து எட்டு முறை சுவிஸ் சூப்பர் லீக்கை வென்ற அணி அது. 2019இல் நம்ம சென்னை சிட்டி எஃப்சியில் 26 சதவீதப் பங்கை வாங்கியது. பேர்தான் சென்னை, ஆடியதெல்லாம் கோவை நேரு ஸ்டேடியத்தில்.

2019 மார்ச் 9. கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். டிஃபெண்டர் கவுரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. தமிழ்நாட்டுக்கு முதல் ஐ-லீக் கோப்பை.

சரி, ஜெயிச்சாச்சு. அடுத்து?

சுவிட்சர்லாந்தில் இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. கீழ் லீக்கில் முதலிடம் பிடித்தால் மேலே போகலாம். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் தூன் என்று ஓர் ஊர், சுமார் 40 ஆயிரம் பேர். அந்த ஊர் அணி 2002இல் முதல் நிலை லீக்குக்கு ஏறியது. 2005இல் சாம்பியன்ஸ் லீக்கில் ஆர்சனலோடும் அயாக்ஸோடும் மோதியது.

இங்கே ஐஎஸ்எல் மேலே இருந்தது, ஆனால் ஐ-லீக்கை ஜெயித்து அதற்குள் நுழைய வழியில்லை. எட்வின் வன்ஸ்பால் மாதிரி ஆட்டக்காரர்கள் ஐஎஸ்எல் அணிகளுக்குப் போனார்கள். அணி அங்கேயே நின்றது. ஆபீஸில் ப்ரமோஷன் கிடைக்காத டீமிலிருந்து ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வதை நான் பார்த்திருக்கிறேன். கிட்டத்தட்ட அதே கதை. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டியே இல்லை.

ஜெயித்து மேலேறும் கதவு 2023இல் திறந்தது. முதலில் நுழைந்தது யார் தெரியுமா? கோவையில் தோற்ற அதே பஞ்சாப் அணி, உரிமையாளரும் பேரும் மாறி. நாலு வருடம் முன்பே ஜெயித்தது நம்ம அணி செய்த தவறு என்றுதான் சொல்ல வேண்டும்.

பாசெலின் பணம் கோவை வரை வந்தது. தூனை மேலே ஏற்றிய விதி வரவில்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

பையன் மூச்சிரைக்க மேலே வந்தான், பந்தோடு. ஆட்டம் மறுபடி தொடங்கியது.