டாலி வார்டன் யாரு?

அக்கா பொண்ணுக்கு ஏழாவது பிறந்தநாள். சிட்னியில அக்கா வீட்டுக்குப் போயிருந்த என்கிட்ட பொம்மை கேக் செய்யற பொறுப்பு வந்து விழுந்தது. "இஞ்சினியர்தானேடா நீ, அளவெல்லாம் கரெக்டா பாப்பே"ன்னு அக்கா சொன்ன காரணத்தை நீங்க நம்ப வேண்டாம். அவளுக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான் :-)

கூடவே ஒரு பழைய புத்தகமும் கைக்கு வந்தது. 'ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி' பத்திரிகைக்காரங்க 1980-ல போட்ட குழந்தைகள் பிறந்தநாள் கேக் புத்தகம். அட்டையில ரயில் கேக். உள்ளே நீச்சல்குளம், வாத்துன்னு விதவிதமா இருக்கும். பிறந்தநாள் வர்றதுக்கு முன்னாடி பக்கம் பக்கமா புரட்டி 'எனக்கு இதுதான்'னு அடம்பிடிச்சு வளர்ந்த ஒரு தலைமுறையே அந்த ஊர்ல உண்டு. கேட்டுக்கேட்டு 2011-ல மறுபடியும் அச்சடிச்சாங்க.

நம்ம குட்டி பொம்மை கேக் பக்கத்தை எடுத்து, எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு கேட்டா: "மாமா, இது பார்பி கேக்தானே? அப்புறம் ஏன் டாலி வார்டன்னு போட்டிருக்கு? அவ யாரு?"

எனக்கும் தெரியல. தேடிப் பார்த்தப்புறம்தான் இந்தப் பதிவு.

டாலி வார்டன் பொம்மையே இல்லீங்க. சார்லஸ் டிக்கன்ஸ் 1841-ல தொடரா எழுதின 'பார்னபி ரட்ஜ்' நாவல்ல வர்ற பொண்ணு. லண்டன்ல பூட்டு செய்யற ஒருத்தரோட மக. துடுக்கு, அழகு, அலங்காரத்துல ஆசை. வைக்கோல் தொப்பி, செர்ரிப்பழ நிற ரிப்பன்னு டிக்கன்ஸ் அவ உடுப்பை ரசிச்சு எழுதியிருப்பார். கதையோட உச்சம் 1780-ல, லண்டனையே எரிச்ச கோர்டன் கலவரத்தப்போ. கலவரக்காரங்க டாலியைக் கடத்திட்டுப் போயிடுவாங்க. அலங்காரப் பொம்மையா அறிமுகமாகற பொண்ணு, பயத்தையும் இழப்பையும் பார்த்துட்டுத்தான் வெளியே வருவா. அமெரிக்கப் போர்ல ஒரு கையை இழந்துட்டுத் திரும்பி வர்ற ஜோ வில்லெட்டைத்தான் கடைசியில கல்யாணம் பண்ணிப்பா.

கதை எழுதின அடுத்த வருஷமே ஃப்ரித்ங்கிற இளம் ஓவியர்கிட்ட டாலியையும், இன்னொரு நாவலோட நாயகி கேட் நிக்கல்பியையும் வரையச் சொன்னார் டிக்கன்ஸ். ரெண்டு படத்துக்கும் சேர்த்துக் கூலி 40 பவுண்டு. 1870 ஜூன்ல டிக்கன்ஸ் இறந்துட்டார். அடுத்த மாசமே அவர் வீட்டுப் படங்கள் ஏலத்துக்கு வந்தப்போ டாலி படம் மட்டும் 1,000 கினிக்குப் போச்சு, அதாவது 1,050 பவுண்டு! ஊரெல்லாம் அதே பேச்சு.

அப்புறம் கிளம்பினது ஃபேஷன் ஜுரம். பூப்போட்ட சீட்டித் துணியில மேல்கவுன், அதைத் தூக்கிக் கொசுவி விட்டா கீழே பளிச்னு இன்னொரு பாவாடை, தலையில தட்டைத் தொப்பி. பேரு 'டாலி வார்டன்'. இங்கிலாந்து, அமெரிக்கா, எங்கே பார்த்தாலும் அதுதான். ஜுரம் துணியோட நிக்கல. கலிபோர்னியாவுல உடம்பெல்லாம் வண்ணப் புள்ளியோட இருந்த ஒரு மீனுக்கு அந்தப் பேரை வெச்சாங்க. அந்தப் பேர்ல இன்னிக்கும் ஒரு மீன் உண்டு. அமெரிக்கச் சமையல் புத்தகங்கள்ல வெளுப்பும் கருப்புமா அடுக்கின ஒரு கேக்குக்கும் அதே பேரு. அதுல பொம்மை கிடையாது.

பொம்மையோட பங்காளி வேற இடத்துல இருக்கா. இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஜெர்மனியில பீங்கான்ல 'அரை பொம்மை' செஞ்சு குவிச்சாங்க. இடுப்புக்கு மேலே மட்டும்தான் பொம்மை. கீழே ஊசி குத்தற மெத்தையையோ, தேநீர் கெட்டிலை மூடற உறையையோ தைச்சா அதுவே பாவாடை. அந்தப் பாவாடையை மாவுல செஞ்சா நம்ம கேக். ஆஸ்திரேலியாவுல அதுக்குன்னே டாலி வார்டன் டின்னு ஒரு பாத்திரமே உண்டு. 1959-ல பார்பி வந்தா. இப்ப பல பேக்கரிகள்ல கேக்கோட பேரே பார்பி கேக்.

சரி, நம்ம கதை. சாதாரண கேக் ரெண்டு அங்குல உயரம். பார்பியோ 29 செ.மீ. இடுப்பு வரைக்கும் மூடணும்னா கேக் ஒரு குன்று மாதிரி நிக்கணும். ஆழமான கிண்ணத்துல மாவை ஊத்தி 180 டிகிரியில வெச்சேன். வெளியே கருகி, நடுவுல குழம்பு! சூடு வெளியிலிருந்துதானே உள்ளே போகணும்? கடைசியா வேகறது நடு. இதுக்காகவே சில டின்கள்ல நடுவுல உலோகக் கம்பி இருக்கும், அது சூட்டை உள்ளே கடத்தும். நமக்கு அது ஏது? ரெண்டாவது தடவை 160 டிகிரி, மேலே அலுமினியத் தாள், கூடுதல் நேரம். குச்சி குத்திப் பார்த்தா சுத்தமா வந்தது. அப்பாடா! கிண்ணக் கேக்குக்கு அடியில ஒரு வட்டக் கேக்கை வெச்சு உயரத்தைக் கூட்டி, நடுவுல குடைஞ்சு, காலுக்கு பிளாஸ்டிக் தாள் சுத்திப் பொம்மையை இறக்கினோம். பாவாடை முழுக்க வெண்ணெய் க்ரீம் கொசுவம், குட்டி கேட்ட செர்ரி நிறத்துல.

க்ரீம் வைக்கும்போதே டாலி கதையைச் சொல்லிட்டு இருந்தேன். கடத்தல் வந்ததும் கண்ணை அகல விரிச்சா. "தப்பிச்சாளா மாமா?" "தப்பிச்சா." "அந்த மாமாவுக்கு ஒரு கைதானா? பரவால்ல, இவளுக்கு ரெண்டு கை இருக்குல்ல."

எனக்கு சுருக்னுச்சு. ஒரு கலவரத்தையே தாண்டி வந்த பொண்ணு. 1870-ல அவளோட பாவாடையை மட்டும் எடுத்துக்கிட்டு ஆளை விட்டுட்டாங்க. அப்புறம் பேரும் போச்சு. நாமளும் வருஷாவருஷம் அந்தப் பாவாடையைத்தான் வெட்டித் தின்னுட்டு இருக்கோம்.

விருந்து முடிஞ்சதும் பாவாடை காலி. குட்டி பொம்மையைக் கழுவித் துடைச்சு அலமாரியில நிக்க வெச்சா. கூட விளையாட வந்த பசங்ககிட்ட ஒரே கண்டிப்பு: "பார்பி இல்ல. இவ பேரு டாலி வார்டன்."