செங்கல்பட்டில் ஜெயிக்காத ஊசி

இடது தோளுக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு இருக்கா பாருங்க. நம்மில் நிறையப் பேருக்கு இருக்கும். பொறந்த கொஞ்ச நாள்ல போட்ட பி.சி.ஜி. ஊசி. டி.பி. வராம இருக்கத்தான் அதைப் போடறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அது வேலை செய்யுதான்னு ரொம்பப் பெரிய அளவுல சோதிச்சுப் பார்த்தது நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துலதான்.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் நுரையீரல் சமாசாரம். அங்குள்ள காற்றுப்பைகளில் மேக்ரோஃபேஜ் என்கிற செல்கள் ரோந்து சுத்திக்கிட்டே இருக்கும். மூச்சோடு வரும் பாக்டீரியாவை முழுங்கி ஜீரணிச்சிடும். டி.பி. கிருமி இதுல பலே கில்லாடி. முழுங்கின பிறகும் ஜீரணமாகாமல், போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்! டி செல்கள் வந்து இன்டர்ஃபெரான் காமா என்ற சிக்னலைக் கொடுத்தாத்தான் மேக்ரோஃபேஜுக்கு வீரம் வரும். அந்த டி செல்களுக்கு முன்கூட்டியே ட்ரெய்னிங் கொடுப்பதுதான் பி.சி.ஜி.யின் வேலை. பிரான்சில் கால்மெட், கெரான் என்ற இருவர் மாட்டு டி.பி. கிருமியை 1908லிருந்து 13 வருஷம், 230 தடவை மாத்தி மாத்தி வளர்த்து அதன் விஷத்தை இறக்கினார்கள். பொறுமைன்னா அது பொறுமை.

பிரிட்டனில் 1950ல் பள்ளி முடிக்கும் வயசுப் பிள்ளைகளிடம் தொடங்கிய ஆய்வில் சுமார் 80 சதவீதப் பாதுகாப்பு கிடைச்சது. இங்கேயோ 1955ல் ராஜாஜி இந்த ஊசியை எதிர்த்துப் பெரிய பிரச்சாரமே செய்தார். யார் சொல்வது சரின்னு மேடை போட்டுப் பேசி முடிவு பண்ண முடியாதே.

1968ல் திருவள்ளூரைச் சுற்றிய பகுதியில் ஐ.சி.எம்.ஆர். ஆய்வைத் தொடங்கியது. சுமார் 2,60,000 பேர். சிலருக்கு நிஜ ஊசி, சிலருக்கு வெறும் ஊசி. எது யாருக்குன்னு போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கிட்டவருக்கும் தெரியாது. (ஆபீஸ்ல ஒரு பட்டனோட கலரை முடிவு பண்ண நாங்க செய்யற டெஸ்ட்டை நினைச்சா சிரிப்பா வருது.) அப்புறம் வருஷக்கணக்கில் ஊர் ஊராப் போய்ச் சளி, எக்ஸ்ரே.

ஏழரை வருஷக் கணக்கு 1979ல் வெளிவந்தது. பெரியவர்களின் நுரையீரல் டி.பி.க்கு எதிராகப் பாதுகாப்பு எதுவும் தெரியல. 15 வருஷக் கணக்கு 1999ல் வந்தது. அப்பவும் அதே கதைதான்.

இவ்வளவு பாடுபட்டு வந்த பூஜ்யத்தை அப்படியே வெளியிட்டாங்க பாருங்க, அதுக்கே ஒரு சல்யூட்.

ஏன் இப்படி? ஒரு விளக்கம் இது: நம்ம மண்ணிலும் தண்ணியிலும் டி.பி. கிருமியோட பங்காளிகள் ஏராளம். செங்கல்பட்டில் பெரும்பாலான பெரியவங்க உடம்பு ஊசிக்கு முன்னாடியே அவற்றைச் சந்திச்சிருந்தது. ஏற்கனவே ட்ரெய்னிங் முடிச்ச டி செல்லுக்கு இந்த ஊசி புதுசா என்ன சொல்லித் தரும்? பூமத்திய ரேகையை விட்டு விலகிய நாடுகளில் பி.சி.ஜி. நல்லா வேலை செய்வதும் இதோடு ஒத்துப் போகுது. ஆனா விவாதம் இன்னும் முடியல.

அப்போ ராஜாஜி சொன்னதுதான் சரியா? அப்படியும் சொல்லிட முடியாது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் டி.பி.யை இந்த ஊசி நல்லாவே தடுக்குதுன்னு மற்ற ஆய்வுகள் காட்டின. அதனால 1980ல் கூடிய நிபுணர்கள், கைக்குழந்தைகளுக்குத் தொடர்ந்து போடுங்கன்னு சொன்னாங்க. இன்னிக்கும் போடறாங்க. பெரியவங்க நுரையீரலுக்கான நல்ல ஊசியைத்தான் இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்க.