மைதானத்தில் பிறந்த சொல்

'ஆகனி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் 'கடும் வேதனை' என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதன் பிறந்த வீடு ஆஸ்பத்திரி அல்ல, விளையாட்டு மைதானம் என்றால் நம்புவீர்களா?

கிரேக்கத்தில் 'அகோன்' என்றால் முதலில் கூட்டம். பிறகு, கூட்டம் பார்க்க நடக்கும் போட்டி. ஒலிம்பியாவில் மல்லர்கள் மோதியதும் அகோன்தான். எதிர்த்து நிற்பவனைக் குறிக்கும் 'ஆன்டகனிஸ்ட்' கூட அந்தக் குடும்பத்துப் பிள்ளையே. போட்டியின் திணறல் 'அகோனியா'. நாளடைவில் மனசுக்குள் நடக்கும் மல்லுக்கட்டுக்கும் அதுவே பெயராயிற்று.

லூக்கா 22:44இல், கெத்செமனேயில் இயேசு வியர்வை சிந்த ஜெபித்த இரவுக்கு இச்சொல் வருகிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வேறெங்கும் கிடையாது. லத்தீன், பிரெஞ்சு வழியே 14ஆம் நூற்றாண்டுக்குள் ஆங்கிலத்தில் நுழைந்தது. உடல்வலி என்ற பொருள் பிந்தி ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்களுக்கோ இன்றும் அது மரணத்தறுவாய்.

எங்கள் வீட்டுப் பழைய தமிழ் வேதாகமத்தில் அவ்விடத்தில் 'வியாகுலப்பட்டு' என்று இருக்கிறது. அழகான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் துயரம் வந்து சேர்ந்தது, மல்லுக்கட்டு வழியிலேயே நின்றுவிட்டது. 'போராடி' என்றே போட்டிருக்கலாமே என்று ஒவ்வொரு பெரிய வியாழனன்றும் எனக்குத் தோன்றும்.